பூட்டிக் கிடக்கும் பொது மலசலகூடங்கள்: திருகோணமலையை வைத்து ஒரு விளக்கம்

கொழும்பில் இரவு பஸ் ஏறியவர்கள் விடிய முன்னமே திருகோணமலையில் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஆறேழு மணித்தியாலப் பயணம். தேநீர்க்கடைகளில் அப்போதுதான் அடுப்பு மூட்டுகிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், வைத்தியசாலை கிளினிக்குக்கு வந்தவர்கள், மூதூருக்கோ நிலாவெளிக்கோ அடுத்த பஸ் பிடிக்க வேண்டியவர்கள், எல்லோருக்கும் அந்த நேரத்தில் முதல் தேவை ஒன்றுதான். ஆண்கள் ஒரு மதிலோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் பலர் இதற்குப் பயந்தே வழியில் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார்கள்.

ஊர்தோறும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. பொது மலசலகூடம் கட்டினார்கள், நாடா வெட்டித் திறந்தார்கள், கொஞ்சக் காலத்தில் பூட்டுப் போட்டார்கள். ஏன்? இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் இருக்கின்றன. ஒன்று, "எங்கட சனத்துக்குப் பாவிக்கத் தெரியாது." மற்றது, "சபை காசைத் தின்றுவிட்டது." இரண்டிலும் கோபம் இருக்கிறது, விளக்கம் இல்லை. ஒழுங்காகப் பாவிப்பவர்கள் உள்ள இடத்திலும், நேர்மையான அதிகாரி இருக்கும் இடத்திலும் இதே கட்டடங்கள் பூட்டப்படுகின்றன.

பொது மலசலகூடத்தை ஒரு கட்டடம் என்று நினைத்துக் காசு ஒதுக்குகிறோம். உண்மையில் அது பஸ் ஓடுவதைப் போன்ற ஒரு சேவை. பஸ்ஸை வாங்கி நிறுத்தி வைத்துவிட்டு, சாரதிக்குச் சம்பளமும் டீசலுக்குக் காசும் ஒதுக்காமல் விட்டால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை நிலத்துக்கு அடியிலிருந்து கணக்குப் புத்தகம் வரை படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

மலசலகூடம் என்பது நம்முடைய அரச வழக்குச் சொல். பேச்சில் இன்னும் சிலர் கக்கூஸ் என்கிறார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், டச்சு மொழியின் 'கக்ஹவுஸ்' என்பதன் திரிபு. கோட்டையை மட்டுமன்றி இந்தச் சொல்லையும் அவர்கள் இந்தக் கரையில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

சுகாதாரப் புள்ளிவிவரங்களில் அடிக்கடி வரும் ஒரு தொடரையும் விளங்கிக்கொள்ள வேண்டும்: 'பாதுகாப்பாக முகாமை செய்யப்பட்ட துப்புரவு வசதி'. கதவும் கூரையும் உள்ள மலசலகூடம் இருந்தால் மட்டும் அந்தப் பெயர் கிடைக்காது. அதிலிருந்து வெளியேறும் கழிவு மனிதரையும் நீரையும் தொடாமல் சுத்திகரிக்கப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிடும் கணக்கின்படி, 2022 இல் உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு இத்தகைய வசதி இருக்கவில்லை. 41.9 கோடிப் பேர் திறந்த வெளியில்தான் மலம் கழித்தார்கள்.

இலங்கை இந்த அட்டவணைகளில் நல்ல இடத்தில் இருக்கிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் மலசலகூடம் உண்டு. அதனாலேயே ஒரு மயக்கமும் வருகிறது. அந்தக் கணக்கு வீட்டைத்தான் எண்ணுகிறது, தெருவை எண்ணுவதில்லை. வீட்டில் எல்லா வசதியும் உள்ள ஒரு பெண் காலை ஆறு மணிக்குக் கிண்ணியாவிலிருந்து புறப்பட்டுப் பட்டினத்துக்கு வந்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்புகிறார் என்றால், அந்த 11 மணித்தியாலமும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

2010 ஜூலை 28 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமை என்று ஏற்றுக்கொண்டது. 2030 க்கான நிலைபேண் அபிவிருத்தி இலக்குகளில் 6.2 ஆவது, பெண்கள், சிறுமியர், நலிந்த நிலையில் உள்ளோர் ஆகியோரின் தேவைக்குத் தனிக் கவனம் கேட்கிறது. அந்த இலக்குகளை ஏற்றுக்கொண்ட நாடுகளில் நாமும் ஒன்று.

## அடக்கி வைப்பதன் விலை

சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் விடுவதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையானது என்பதால் தொற்று எளிதில் ஏறிவிடும். திருகோணமலை வெயிலில் உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகக் கல்லுக்கும் அது வழி.

நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பைக்கு அருகே சுரப்பி வீங்கிய வயோதிப ஆண்கள், வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை ஆகியோருக்கு 'கொஞ்சம் பொறுங்கோ' என்ற சொல்லே பொருந்தாது. சந்தையில் நாள் முழுக்க இருந்து மரக்கறி விற்கும் பெண்ணுக்கும், ஓட்டோ ஓட்டுபவருக்கும், வீதி கூட்டும் தொழிலாளிக்கும் தெருதான் வேலைத்தலம். அலுவலகத்தில் வேலை செய்பவருக்குக் கிடைப்பது அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் விவாதிக்க எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

## வரிசை ஏன் பெண்கள் பக்கம் மட்டும் நீள்கிறது

இதற்குப் பதில் எளிய கணக்கு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கினால் அது சமம் போலத் தெரியும். ஆனால் நின்று சிறுநீர் கழிக்கும் தொட்டி, அறையைவிடக் குறைந்த இடத்தைத்தான் பிடிக்கும். ஆகவே ஒரே பரப்பில் ஆண்கள் பக்கம் 2 அறையும் 4 தொட்டியுமாக 6 இடம் வருகிறது என்றும், பெண்கள் பக்கம் 4 அறை வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

1. ஆண் ஒருவருக்குச் சராசரி 1 நிமிடம் என்றால், 6 இடத்தில் மணித்தியாலத்துக்கு 360 பேர் போய் வரலாம்.

2. பெண் ஒருவருக்கு 1.5 நிமிடம் என்றால், 4 இடத்தில் மணித்தியாலத்துக்கு 160 பேர்தான்.

3. பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழா நாளில் மணித்தியாலத்துக்கு 300 ஆண்களும் 300 பெண்களும் வந்தால், ஆண்கள் பக்கம் வரிசையே இராது. பெண்கள் பக்கம் ஒவ்வொரு மணித்தியாலமும் 140 பேர் மிஞ்சுவார்கள்.

சேலை கட்டியவர், கைக்குழந்தையோடு வந்தவர், மாதவிடாய் நாளில் உள்ளவர் என்று சேர்த்தால் 1.5 நிமிடமும் போதாது. இதே எடுத்துக்காட்டில் பெண்கள் பக்கம் 8 அறை வேண்டும், அதாவது இரட்டிப்பு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் இதைக் கணினியில் கணித்துப் பார்த்து, இரு பாலாருக்கும் பொதுவான அறைகளை வைத்தால் பெண்கள் காத்திருக்கும் நேரம் பெரிதும் குறையும் என்று காட்டினார்கள். கணக்குச் சரிதான். ஆனால் நம் ஊரில் அப்படி ஒன்றைத் திறந்தால் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இங்கே பொருந்துவது பெண்கள் பக்கத்தை இரட்டிப்பாக்கி, வாசலையும் வேறு பக்கம் வைப்பது.

## நிலத்துக்குக் கீழே நடப்பது

பூட்டுப் போடுவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் ஒருவரும் கேட்பதில்லை.

கொழும்பின் சில பகுதிகளில் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் ஓடுகிறது. திருகோணமலை நகரம் முழுவதற்கும் அப்படி ஒரு குழாய் வலை கிடையாது. இங்கே எல்லாம் மலக்குழிதான். மலக்குழித் தொகுதியில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது தொட்டி. அதற்குள் கழிவு அசையாமல் நிற்கும்போது கனமானது அடியில் சேறாகப் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் வெளியேறும். இரண்டாவது உறிஞ்சு குழி. வெளியேறிய நீர் அதற்குள் போய் மண்ணில் ஊறும். மண்ணும் அதில் உள்ள நுண்ணுயிர்களும்தான் நீரை வடிகட்டுகின்றன.

இந்த ஏற்பாடு வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு: தொட்டிக்குள் நீர் ஒரு நாளாவது தங்க வேண்டும், உறிஞ்சு குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே உலர்ந்த மண் 1.5 மீற்றராவது இருக்க வேண்டும், சேறு காலத்துக்குக் காலம் உறிஞ்சி எடுக்கப்பட வேண்டும். பொது மலசலகூடத்தில் மூன்றும் தவறுகின்றன.

தங்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாவிக்கும்போது அடிக்கும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் சேர்ந்து 10 லீற்றர் என்று வைத்தால், நாளுக்கு 400 பேருக்கு 4,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீட்டு மலசலகூடத்தில் நாளுக்கு 200 லீற்றர் போகிறது என்று கொண்டால், இது 20 வீட்டுத் தண்ணீர். வீட்டுக்குக் கட்டும் அளவிலேயே குழியைக் கட்டினால் அது தொடங்கிய நாளிலேயே தோற்றுவிட்டது. சரி, 8,000 லீற்றர் தொட்டி கட்டினார்கள் என்றே வைப்போம். சாதாரண நாளில் நீர் இரண்டு நாள் தங்கும், நல்லது. திருவிழா நாளில் 3,000 பேர் வந்தால் 30,000 லீற்றர் உள்ளே போகும். நீர் தங்குவது ஆறரை மணித்தியாலத்துக்கும் குறைவு. படிய நேரமில்லாத சேறு அப்படியே உறிஞ்சு குழிக்குள் போய், மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட மண் மறுபடி உறிஞ்சாது. திருவிழா முடிந்து சில வாரங்களில் 'குழி நிரம்பிவிட்டது' என்று அறிவித்தல் தொங்குவது இப்படித்தான். உண்மையில் அங்கே குழி நிரம்பவில்லை, மண் செத்துவிட்டது.

அடுத்தது நீர்மட்டம். திருகோணமலைப் பட்டினம் ஒருபுறம் உட்துறைமுகத்துக்கும் மறுபுறம் திறந்த கடலுக்கும் இடையில் நிற்கும் நிலம். கரையோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே நீர் காணும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை பெய்யும்போது நீர்மட்டம் இன்னும் ஏறும். உலர்ந்த மண் என்ற வடிகட்டியே அப்போது இருக்காது. உறிஞ்சு குழிக்குள் நிலத்தடி நீர் புகும். தொட்டி நீர் போக இடமின்றிக் கோப்பை வழியே மேலே வரும். மறுபக்கம், கழிவு நீர் நேரே கிணற்று நீரோடு கலக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்பது மேசன்மார் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு வீட்டுக் குழியை மனதில் வைத்துச் சொன்னது அது. 20 வீட்டுக் கழிவு இறங்கும் குழிக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது.

ஆகவே இந்த ஊரின் தாழ்ந்த கரையோர இடங்களில் வழக்கமான குழி வேண்டாம் என்று துணிந்து சொல்ல வேண்டும். வேறு வழிகள் இருக்கின்றன. தொட்டியில் இருந்து வரும் நீரை நிலமட்டத்துக்கு மேலே மணலும் கல்லும் பரப்பி எழுப்பிய மேட்டுப் படுக்கையில் விடலாம். தொட்டிக்குப் பின்னால் கல் நிரப்பிய இன்னொரு அறை கட்டி, கல்லில் வளரும் காற்றில்லா நுண்ணுயிர்களால் நீரைச் சுத்தமாக்கலாம். டச் பே கடற்கரை போல மாலையில் குடும்பங்கள் கூடும் இடத்தில், எதுவும் வெளியேறாத மூடிய தொட்டியை வைத்து, நிரம்ப நிரம்பப் பவுசர் மூலம் எடுக்கலாம். கடைசி வழிக்குக் கட்டும் செலவு குறைவு, ஓட்டும் செலவு அதிகம்.

பவுசர் எடுத்த சேறு எங்கே போகிறது என்ற கேள்வியும் உண்டு. வெட்டவெளியிலோ வாய்க்காலிலோ கொட்டினால், ஒரு மூலையில் செய்த சுத்தத்தை மறுமூலையில் அழித்ததாகும். சுத்திகரிப்பு நிலையம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்றால் எரிபொருள் செலவும் கணக்கில் ஏற வேண்டும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய மலக்குழிக்குள் ஐதரசன் சல்பைட்டும் மெதேனும் சேர்ந்திருக்கும். அடைப்பு எடுக்க ஒருவரை உள்ளே இறக்கினால் இரண்டு மூச்சில் மயங்கி விழலாம். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்கக் கூடாது.

## நாற்றம்

நாற்றம் குழியிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோப்பைக்குக் கீழே குழாய் வளையும் இடமான நீரடைப்பு வளைவில் 50 மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் குழி வாயு மேலே வராது. மூக்கைக் குத்துவது தரையில் காய்ந்த சிறுநீர். அதில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைக்கின்றன. பூசப்படாத சீமெந்துத் தரை சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், எத்தனை போத்தல் வாசனைத் திரவம் ஊற்றினாலும் மறுநாள் அதே மணம்தான்.

தீர்வு, வழுவழுப்பான ஓடு அல்ல. ஈரத்தில் வழுக்காத, ஆனால் நீர் உறிஞ்சாத ஓடு, வடிகாலை நோக்கிச் சரிந்த தரை, மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொஞ்சத் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு முறை பெரிதாகக் கழுவுவதைவிட இது பலன் தரும்.

தொழிலாளருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: கோப்பை கழுவும் அமிலத் திரவத்தையும் புளீச்சையும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய சிறு அறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். அளவுக்கு மீறிப் புளீச் ஊற்றினால் மலக்குழியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும்.

கடற்காற்றும் சும்மா விடாது. இரும்புப் பிணைச்சலும் தாழ்ப்பாளும் சில பருவங்களில் துருப்பிடித்து உடைந்துவிடும். தாழ்ப்பாள் உடைந்த அறைக்குள் எந்தப் பெண்ணும் போகமாட்டார். 500 ரூபாச் சாமானுக்காக ஒரு முழு அறை பாவனையிலிருந்து போய்விடுகிறது. மாதவிடாய்த் துண்டு போடும் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் நாயும் காகமும் மட்டுமல்ல, வீதியில் திரியும் மான்களும் குப்பையைக் கிளறுகின்றன.

## யார் காசு கொடுப்பது

இனி கணக்குப் புத்தகம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரம் 7 நாளும் திறந்திருக்கும் ஒரு மலசலகூடத்தை எடுப்போம்.

1. நாளுக்கு 16 மணித்தியாலம், வாரத்துக்கு 112. ஒருவருடைய வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றால், ஒரு இடத்தை நிரப்பவே 2.5 ஆள் வேண்டும். ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்றால் மொத்தம் 5 பேர்.

2. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 5 பேருக்கு 150,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் சேர்த்தால் மாதம் 172,500 ரூபா.

3. தண்ணீர், மின்சாரம், சவர்க்காரம், பவுசர், திருத்தம் எல்லாவற்றுக்கும் 60,000 என்று ஒரு மதிப்பு வைப்போம். ஆக 232,500, நாளுக்கு 7,750 ரூபா.

4. ஒருவருக்கு 20 ரூபா கட்டணம் என்றால், நாளுக்கு 400 பேர் வந்தால் 8,000. மயிரிழையில் தப்பலாம்.

ஆனால் நாளுக்கு 400 பேர் என்பது கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை சரியாக இருக்கலாம். நவம்பர் மழையில் 150 பேர் வந்தால் வரவு 3,000 தான். ஒவ்வொரு நாளும் 4,750 ரூபா துண்டு விழும்.

இப்போது குத்தகைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். சபைகள் பல இடங்களில் ஆண்டுக் குத்தகைக்கு விடுகின்றன, கூடிய தொகை கேட்டவருக்கு அது போகிறது. அவர் சபைக்குக் கட்டிய காசையும் எடுக்க வேண்டும். எங்கே வெட்டலாம்? ஆளைக் குறைப்பார், ஐந்து பேர் இரண்டு பேராவார்கள். சவர்க்காரம் நிற்கும். இரவு 10 மணி மாலை 6 மணியாகும். தாழ்ப்பாள் திருத்தப்படாது. அசுத்தமானதும் வருகிறவர்கள் இன்னும் குறைவார்கள், வரவும் குறையும். கடைசியில் பூட்டு. இதில் கெட்ட மனிதர் ஒருவரும் தேவையில்லை, விதிகளே அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன.

என் கருத்தில், பொது மலசலகூடத்தை வருமானம் தரும் சொத்தாகக் குத்தகைக்கு விடுவதுதான் அடிப்படைப் பிழை. திசையை மாற்ற வேண்டும். சபை குத்தகைக்காரரிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக, சுத்தமாகத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லாமல் வந்து பார்த்து, தண்ணீர், சவர்க்காரம், தாழ்ப்பாள், வெளிச்சம், திறந்த நேரம் என்ற ஐந்துக்கும் புள்ளி போடட்டும். புள்ளி குறைந்தால் காசு குறையட்டும். வீதி விளக்கு எரிவதற்கு யாரும் நம்மிடம் காசு கேட்பதில்லை. இதுவும் அந்த வகைச் செலவு.

கட்டணமே கூடாதா என்றால், பஸ் நிலையம் போன்ற இடத்தில் சிறு கட்டணம் பொருந்தும். இந்தியாவில் சுலப் இன்டர்நேஷனல் 1974 இல் பட்னாவில் தொடங்கிய கட்டண மலசலகூடம் அங்கே பல ஊர்களுக்குப் பரவியது. அதிலும் ஒரு பாகுபாடு இருக்கிறது. ஆண் மதிலோரம் இலவசமாகப் போகலாம், பெண்தான் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும். சந்தை வியாபாரிகளுக்கும் வீதித் தொழிலாளருக்கும் மாத அட்டை, சிறுவருக்கும் வயோதிபருக்கும் இலவசம் என்று வைத்தால் அது கொஞ்சம் சீராகும்.

## நிலம் யாருடையது, பொறுப்பு யாருடையது

சட்டப்படி பொதுச் சுகாதாரமும் பொது மலசலகூடங்களும் உள்ளூராட்சி சபைகளின் வேலை. மாநகர சபைகளுக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். பொறுப்பு தெளிவாக இருக்கிறது. நிலம்தான் தெளிவில்லை.

பட்டினத்துக்குள் இருப்பது ஒரு சபை. உப்புவெளிப் பக்கம் போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள். கடற்கரை வழியே நடக்கும் பயணிக்கு இந்த எல்லைகள் தெரியாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளால் போகிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, பழைய கட்டுமானங்கள் தொல்லியல் சட்டத்துக்குள் வருகின்றன. புகையிரத நிலையம் புகையிரதத் திணைக்களத்துக்கு, துறைமுக நிலம் துறைமுக அதிகார சபைக்கு. இவற்றுக்கு மேலே, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் அலை மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். இரு பக்கமும் கடலுள்ள பட்டினத்தில் அந்த 300 மீற்றர் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.

இதனால்தான் மலசலகூடம் வேண்டிய இடத்தில் அமையாமல், அனுமதி எளிதாகக் கிடைத்த ஒதுக்குப்புறத்தில் அமைகிறது. ஒதுக்குப்புறம் என்றால் இருட்டு, இருட்டு என்றால் பெண்கள் போகமாட்டார்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை, இரண்டு ஆண்டுக்கு மேல் நாட்டின் பெரும்பாலான இடங்களில் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமலே உள்ளூராட்சி நடந்தது. வட்டாரத்தில் யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாத காலம் அது. இப்போது கேட்க ஆள் இருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் விடயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006 இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களை அவர்கள் பாவிக்கக்கூடியதாக அமைக்கச் சொல்கின்றன. சரிவுப் பாதை, சக்கர நாற்காலி திரும்பும் அகலம், கைபிடி, கொமட் ஆகியவை தயவு அல்ல. முழங்கால் நோவுள்ள நம் தாய்மாருக்கும் குந்தி எழும்ப முடியாமல் இதே அறைதான் தேவைப்படுகிறது.

## கட்டாமலே கிடைக்கும் கதவுகள்

நிலமும் அனுமதியும் இவ்வளவு சிக்கலாக உள்ள ஊரில், புதிதாகக் கட்டுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள கதவுகளைத் திறக்க முடியுமா என்று பார்ப்பது புத்தி. ஜேர்மனியின் ஆலன் நகரம் 2000 இல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. சாப்பாட்டுக்கடைகளும் கடைகளும் தங்கள் மலசலகூடத்தை எதுவும் வாங்காதவருக்கும் திறந்து விடும். நகரசபை அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கும். வாசலில் ஒரு அடையாள ஒட்டி இருக்கும். பிறகு பல ஜேர்மன் நகரங்கள் அதைப் பின்பற்றின.

இங்கே பிரதான வீதிகளில் சாப்பாட்டுக்கடைகளும் எரிபொருள் நிலையங்களும் நிறைய. 20 இடங்கள் சேர்ந்தாலே, சபை ஒரு கல்லும் வைக்காமல் 20 மலசலகூடம் கிடைக்கும். உரிமையாளருக்கு வியாபார உரிமக் கட்டணத்தில் கழிவும், இலவசமாக ஒரு பவுசர் சேவையும் கொடுக்கலாம். ஒட்டி தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும்.

திருச்சியில் கிராமாலயா தொண்டு நிறுவனம் குடிசைப் பகுதிப் பொது மலசலகூடங்களைப் பெண்கள் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்துச் சிறு கட்டணத்தில் நடத்த வைத்தது. பாவிக்கும் பெண்களே நடத்துவதால் தாழ்ப்பாள் உடைந்தால் அன்றே தெரியும். நம் ஊரில் மாதர் சங்கங்கள் இருக்கின்றன. புனேயில் 2016 முதல் பழைய பஸ்களைப் பெண்களுக்கான மலசலகூடங்களாக மாற்றி வைத்தார்கள். திருவிழாக் காலத்தில் கோட்டை வாசலுக்கு அருகே பத்து நாளைக்கு நிறுத்த இப்படி ஒன்று போதும், மண்ணை அடைக்கும் அந்த 30,000 லீற்றரும் நிரந்தரக் குழிக்குள் போகாது.

வடிவமைப்பில் இந்த ஊருக்கென்று ஒரு சின்ன விடயம். முஸ்லிம்கள், தொழும்போது நோக்கும் கிப்லாத் திசையை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ இருப்பதைத் தவிர்ப்பார்கள். இங்கிருந்து அது ஏறக்குறைய மேற்கு, சற்று வடக்கே. வரைபடம் போடும்போதே கோப்பையை வடக்குத் தெற்காகத் திருப்பினால் ஒரு சதமும் செலவில்லை, பிறகு உடைத்துத் திருப்ப முடியாது.

## சபையில் கேட்க வேண்டியவை

புதிய மலசலகூடத்துக்கு அடிக்கல் நாட்டப்படும் நாளில், எவ்வளவு செலவு என்று கேட்பதைவிட இவற்றைக் கேட்பது பயன் தரும்.

1. நாளுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? தொட்டியின் அளவு சாதாரண நாளுக்கா, திருவிழா நாளுக்கா?

2. டிசம்பரில் அந்த இடத்தின் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? குழியை ஓகஸ்ட்டில் வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாது.

3. பெண்கள் பக்கம் எத்தனை அறை? ஆண்கள் பக்க இடங்களைவிடக் குறைவு என்றால் ஏன்?

4. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதை நடத்த எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? மழைக்காலத் துண்டுத்தொகை எங்கிருந்து வரும்?

5. சேற்றை எடுக்கும் பவுசர் எங்கே கொட்டும்?

6. விடியற்காலை நாலு மணிக்கு இரவு பஸ் வந்து நிற்கும்போது சாவி யாருடைய கையில் இருக்கும்?